பழைய கொட்டகையைப் பிரித்துப் புது இடத்தில் நாமே போட முடியுமா? எவ்வளவு செலவாகும்?

முடியும். நான் செய்திருக்கிறேன். ஆனால் அந்த ‘நாமே’யில் எத்தனை பேர் அடக்கம் என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். என் விஷயத்தில் அது நான், என் மச்சான், பெரியப்பா மகன், எழுபது வயது ஆசாரி ஒருவர், அப்புறம் நாலு கூலியாட்கள்.

என்ன கொட்டகை என்று நீங்கள் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் இரும்புக் குழாய் நட்டு ஷீட் போட்டதாகத்தான் இருக்கும். அப்படியென்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. போல்ட் போட்டதைக் கழற்றலாம், வெல்டிங் வைத்ததை அறுக்க வேண்டும். ஷீட்டுகளை எடுத்த வரிசை மாறாமல் அடுக்குங்கள். வரிசை மாறினால் பழைய ஓட்டை குழாய் மேல் உட்காராது, மழை வந்தால் அத்தனை ஓட்டையும் ஒழுகும். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் தண்ணீர் அடித்து நனைத்துக்கொண்டு, உடைக்காமல் முழுசாக இறக்குங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மூக்கில் துண்டு கட்டினால் போதும் என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

நான் மாற்றியது மாட்டுக் கட்டுத்தாரை. எங்கள் அப்பாரு போட்டது. 20 அடிக்கு 12 அடி, எட்டுக் கல்லுக்கால், 22 பனங்கை (கூரை தாங்கும் பனஞ்சட்டம்), மேலே சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு. 2019இல் பாகம் பிரித்தபோது அது நின்ற இடம் அண்ணன் பங்குக்குப் போய்விட்டது. மாடும் கொட்டகையும் எனக்கு, மண் அவருக்கு. ஆடி பிறப்பதற்குள் காலி செய்யச் சொன்னார். என் பங்கு உடுமலைப் பக்கம், 28 கிலோமீட்டர் தள்ளி.

“பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறாயே, புதுசாகத் தகரம் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே” என்று சொல்லாத ஆள் இல்லை. இங்கேயும் சொல்வீர்கள் என்று தெரியும். பாசம் மட்டும் காரணமில்லை. புதுசாக ஷீட் போட 60,000 ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். அதோடு சித்திரை வெயிலில் தகரத்துக்கு அடியில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், அப்புறம் பேசலாம்.

ஓடுகளை முகட்டிலிருந்துதான் இறக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுசாக இறக்கிவிட்டு மறுபக்கம் போகக் கூடாது, இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். இல்லையென்றால் பாரம் ஒரு பக்கமாக இழுக்கும். முகட்டு ஓடுகள் சுண்ணாம்புக் காரையில் ஒட்டியிருப்பதால் பாதி உடையத்தான் செய்யும், அதற்கு வருத்தப்படாதீர்கள். சீமை ஓடு 100 சதுர அடிக்குச் சுமார் 140 பிடிக்கும், ஒன்று இரண்டரைக் கிலோ வரும். எங்களுக்கு 460 ஓடு, ஒரு டன்னுக்கு மேல். சின்ன யானை வண்டியில் (டாடா ஏஸ்) ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்த மச்சான் அதன்பிறகு வாய் திறக்கவில்லை. டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, படுக்கப் போடாமல் செங்குத்தாக நிறுத்தி அடுக்கினோம். ஓட்டுக்கு அடியில் தேள் இருக்கும். எங்களுக்கு மூன்று கிடைத்தன.

நாலைந்து ஓட்டின் அடியில் 1865 என்று இருந்தது. பெரியப்பா மகன் ‘நூற்றைம்பது வருஷத்து ஓடு’ என்று போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். அது மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்புக்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம். அவர்கள் ஓட்டில் அதை அச்சுப் போட்டிருப்பார்கள். ஓடு சுட்ட வருஷம் இல்லை.

மரத்துக்கு வருவோம், நாங்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான். பனங்கை எல்லாம் கையால் செதுக்கியது, ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. உச்சியில் இரண்டு இரண்டாக வெட்டிப் பொருத்தியிருப்பார்கள். சோடி மாறினால் முகடு கோணிக்கொள்ளும். அதனால் இறக்குவதற்கு முன்பே என் மகள் பள்ளிக்கூடச் சாக்பீஸால் இடம் 1, வலம் 1 என்று அழகாக எழுதியிருந்தாள். புது இடத்தில் இறக்கிப் போட்ட அன்று ராத்திரி கோடை மழை. காலையில் போய்ப் பார்த்தால் 22 கட்டையும் ஒரே கறுப்பு. ஒரு நம்பர் இல்லை.

ஆசாரி திட்டவில்லை. “பெயிண்ட்டுல எழுதியிருக்கோணுங் தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு கட்டையைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். கொசுவுக்காக ஐம்பது வருஷமாக வேப்பிலை மூட்டம் போட்ட கொட்டகை, மரமெல்லாம் கரி படிந்திருந்தது. ஆனால் ரீப்பர் (ஓடு உட்காருகிற குறுக்குச் சட்டம்) உட்கார்ந்திருந்த இடங்கள் மட்டும் வெளிறிய பட்டையாக, ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் ஆணி ஓட்டையோடு இருந்தன. பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளில் அந்தப் பட்டைகள் ஒரே கோட்டில் வர வேண்டும். கடைப் பொருள்களின் பார்கோடு மாதிரிதான். அவர் ஓட்டையைக் கட்டைவிரலால் தடவித் தடவிச் சேர்த்துக்கொண்டே போனார். ஒரு முழு நாள் ஆனது. நாலு ஆளுக்கு அன்றைக்குக் கூலி தண்டம். ஆகவே எனாமல் பெயிண்ட், இல்லையென்றால் தகரத் துண்டில் நம்பர் குத்தி ஆணி அடியுங்கள். சாக்பீஸ் வேண்டவே வேண்டாம்.

கல்லுக்கால் 9 அடி, 6 அங்குலச் சதுரம். ஒன்று 170 கிலோ இருக்கும். 2 அடி மண்ணுக்குள். சுற்றிலும் தோண்டிவிட்டு, மூன்று கம்பம் நட்டு, செயின் பிளாக்கில் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி) தூக்கினோம். ஏழு கால் பத்திரமாக வந்தது. எட்டாவதை இறக்கும்போது கயிறு நழுவி, நுனி முதலில் தரையில் இடித்து, நடுவில் ஒடிந்துவிட்டது. கிரேன் வைத்திருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும் என்று எழுதப் போகிறவர்களுக்கு: எங்கள் தடத்தில் கிரேன் வராது. நான் இன்ஜினியரும் இல்லை.

இன்னொன்று. புது இடம் சமமாக இருக்கிறது என்று கண்ணை நம்பாதீர்கள். எல்லாக் குழியையும் 2 அடி எடுத்துக் கால் நட்டுவிட்டு டியூபில் தண்ணீர் மட்டம் பார்த்தால், ஒரு மூலை 7 அங்குலம் இறக்கம். இரண்டு காலை மறுபடி பிடுங்கினோம்.

காற்றையும் பாருங்கள். உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. அத்தனை காற்றாலை சும்மா நிற்கவில்லை. ஆடியில் மேற்கு ஓரத்து ஓடு பன்னிரண்டு பறந்தது. பிறகு ஓர ஓடுகளையெல்லாம் கம்பி போட்டு ரீப்பரோடு கட்டி, விளிம்பில் சிமெண்ட் பூசினேன். அதன்பிறகு அசையவில்லை.

இவ்வளவு பாடுபட்டு மாட்டை நிழலில் கட்டினால், இங்கே பால் ஊற்றுகிற இடத்தில் கொழுப்பு 3.6 என்கிறார்கள். அதே மாடு, அதே சோளத்தட்டு, அதே புண்ணாக்கு. பழைய ஊரில் 4.2க்குக் குறைந்ததே இல்லை. கேட்டால் மெஷின் காட்டுகிறது என்பார்கள். எல்லோர் பாலுக்கும் ஒரே மாதிரி காட்டுகிற மெஷின் என்ன மெஷின்? சரி, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, விட்டுவிடுகிறேன்.

செலவு கேட்டிருந்தீர்கள். டிராக்டர் மூன்று நடை 7,500, கூலி 8,400, செயின் பிளாக் வாடகை 1,000, உடைந்ததற்கு ஓடு 1,800, கல்லுக்கால் ஒன்று, சிமெண்ட், ஆணி எல்லாம் சேர்த்து 4,000. மொத்தம் 22,700. ஆசாரி பணம் வாங்கவில்லை, வேட்டி துண்டும் ஒரு மாசத்துக்குப் பாலும் கொடுத்தேன்.

டிராக்டர்க்காரரிடம் நடைக்கா நாளுக்கா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். நாங்கள் பேசவில்லை. மூன்றாவது நடையில் வந்தது ஒடிந்த கல்லுக்காலும் இரண்டு தீவனத் தொட்டியும்தான், அதற்கும் முழுசாக 2,500 வாங்கிக்கொண்டார். அந்தக் கல்லில் பாதி இப்போது எங்கள் வீட்டில் துவைக்கிற கல்.