வாசகர் கேள்வி-பதில்: சாஃப்ட்வேர் தெரிந்தவருக்கு எம்.இ. எதற்கு?

கேள்வி: இயந்திரவியலில் பி.இ. முடித்துவிட்டு, கோவையில் மோல்டு, டை செய்து தரும் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் இரண்டு ஆண்டுகளாகச் சி.என்.சி. (கணினிக் கட்டளைப்படி இயங்கும் மெஷின்) புரோகிராமராக வேலை பார்க்கிறேன். டிராயிங்கைப் பார்த்து முப்பரிமாண மாடல் போடவும், அதிலிருந்து டூல் பாத் (வெட்டும் கருவி ஓட வேண்டிய தடம்) எடுத்து மெஷினுக்கு அனுப்பவும் எனக்குத் தெரியும். எம்.இ. கேட்-கேம் (CAD/CAM: கணினிவழி வடிவமைப்பும் உற்பத்தியும்) படிக்க ஆசை. ஆனால், "உனக்குத்தான் சாஃப்ட்வேர் எல்லாம் தெரியுமே, இரண்டு வருடச் சம்பளத்தை ஏன் விடுகிறாய்?" என்கிறார் முதலாளி. அவர் சொல்வது சரிதானா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பாதி சரி. மென்பொருளை இயக்கக் கற்றுக்கொள்வதற்காக மட்டும் இந்த முதுநிலைப் படிப்பில் சேர்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதைக் கல்லூரி ஆய்வகத்தைவிட உங்கள் பட்டறை விரைவாகவும் செம்மையாகவும் கற்றுக்கொடுத்திருக்கும். ஆனால், அந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதுதான் எம்.இ. கேட்-கேம் படிப்பின் பாடம். அதைப் பட்டறையில் யாரும் உட்கார்ந்து சொல்லித் தர மாட்டார்கள். அதற்கு அங்கே நேரமும் இருக்காது.

நீங்கள் அன்றாடம் செய்யும் வேலையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். நுனி உருண்டையான பால் நோஸ் கட்டரால் ஃபினிஷிங் ஓட்டும்போது, ஸ்டெப் ஓவர், அதாவது அடுத்தடுத்த தடங்களுக்கு இடையிலான தூரம், எவ்வளவு என்று மென்பொருள் கேட்கிறது. முன்பு இருந்தவர் கொடுத்து வந்த எண்ணையே நீங்களும் கொடுத்திருக்கக்கூடும். கட்டர் ஓடிய இரண்டு தடங்களுக்கு நடுவே ஒரு சிறு மேடு மிஞ்சுகிறது அல்லவா? தட்டையான பரப்பில் அதன் உயரம், ஸ்டெப் ஓவரின் வர்க்கத்தைக் கட்டர் ஆரத்தின் 8 மடங்கால் வகுத்தால் ஏறத்தாழக் கிடைத்துவிடும். 10 மி.மீ. விட்டமுள்ள கட்டருக்கு 0.4 மி.மீ. ஸ்டெப் ஓவர் கொடுத்தால் மேடு 4 மைக்ரான்; அதையே 0.2 மி.மீ. ஆக்கினால் 1 மைக்ரான். மேடு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தாலும் தடங்கள் இரட்டிப்பதால் மெஷின் ஓடும் நேரமும் ஏறத்தாழ இரட்டிக்கிறது. எப்படியும் பாலிஷ் போடப்போகும் ஒரு பரப்புக்கு அந்த இரண்டு மடங்கு நேரம் தேவையா என்பது, கணக்கு தெரிந்தவர் மட்டுமே எடுக்கக்கூடிய முடிவு. அதே ஸ்டெப் ஓவர் புடைத்த பரப்பில் மேட்டை உயர்த்தும், குழிந்த பரப்பில் தணிக்கும். ஏன் என்று விளங்க வேண்டுமானால் பரப்புகளின் வளைவைப் பற்றிய வடிவியல் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வடிவியல்தான் முதல் ஆண்டின் கனமான பகுதி. பிரான்சின் கார் நிறுவனங்களான சிட்ரோயனில் இருந்த பால் தெ காஸ்தெல்ஜோவும், ரெனோவில் இருந்த பியேர் பெசியேவும், கார் உடலின் வளைவுகளை எண்களால் எழுதுவதற்குத் தனித்தனியே ஒரே வழியைக் கண்டார்கள். நான்கு புள்ளிகளைக் கொண்டு ஒரு வளைகோட்டை ஆளும் அந்த முறையில், ஒரு புள்ளியை நகர்த்தினால் கோடு முழுவதுமே சற்று அசைந்துவிடும். நகர்த்திய இடத்தில் மட்டும் மாற்றம் வேண்டும் என்ற தேவைக்கு பி-ஸ்பிளைன் என்ற வளைகோட்டு முறை விடை தந்தது. வட்டத்தைத் தோராயமாக அல்லாமல் துல்லியமாகவே எழுத வேண்டும் என்ற தேவைக்கு அதன் விரிவான நர்ப்ஸ் (NURBS) விடை தந்தது. வாடிக்கையாளர் அனுப்பிய ஃபைலைத் திறந்ததும் பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டுக் கிடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு மென்பொருள் 'ஒட்டிவிட்டது' என்று ஏற்கும் நுண்ணிய இடைவெளியை இன்னொரு மென்பொருள் ஏற்பதில்லை என்பதே பெரும்பாலும் அதற்குக் காரணம். இது தெரியாதவர் அரை நாள் ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பார். தெரிந்தவர் எந்த வடிவத்தில், எவ்வளவு துல்லியத்தில் ஃபைலை மறுபடி அனுப்ப வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கிவிடுவார்.

(பெயரில் கேட் முன்னால் நின்றாலும் பிறப்பில் கேம்தான் மூத்தது. எண்களின் கட்டளைப்படி ஓடும் மில்லிங் மெஷினை அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1952-லேயே இயக்கிக் காட்டியது. கணினித் திரையில் வரைய வழிசெய்த ஐவன் சதர்லாண்டின் ஸ்கெட்ச்பேட் அதே நிறுவனத்தில் 1963-இல்தான் வந்தது.)

உங்கள் இப்போதைய வேலையில் நீங்கள் அதிகம் தொட்டிராத பகுதி ஃபைனைட் எலிமென்ட் பகுப்பாய்வு. ஒரு பாகத்தைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்து, விசை கொடுத்தால் எங்கே எவ்வளவு தகைவு (பொருளுக்குள் ஓர் அலகுப் பரப்பில் எழும் விசை) வரும் என்று கணிப்பது அது. திரையில் சிவப்பும் நீலமுமாக வரும் படத்தைப் பார்த்து மயங்கிவிடுவது இதில் எளிது. உள்மூலை ஒன்றை ஆரம் கொடுக்காமல் கூர்மையாக விட்டுவிட்டால், அங்கே கூறுகளைச் சிறிதாக்கச் சிறிதாக்கத் தகைவின் அளவு ஏறிக்கொண்டே போகும். எந்த எண்ணிலும் நிலைக்காது. அது பாகத்தின் பலவீனமா, கணக்கின் கோளாறா என்று பிரித்தறியத் தெரியாதவர் அந்தச் சிவப்புப் புள்ளியைக் காட்டி டிசைனையே மாற்றச் சொல்லிவிடுவார். அதனால்தான் நல்ல ஆசிரியர்கள் முதல் பயிற்சியாக நடுவில் சிறு வட்டத்துளையிட்ட அகன்ற தகட்டை இழுக்கச் சொல்கிறார்கள்; துளையின் ஓரத்தில் தகைவு 3 மடங்காகும் என்று தாளிலேயே நிறுவப்பட்டிருப்பதால், திரையில் வரும் எண்ணை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஆகவே, சொன்னதைச் செய்யும் புரோகிராமராகத் தொடர்வது உங்களுக்குப் போதும் என்றால் முதலாளியின் சொல்லைக் கேளுங்கள். அதில் இழிவு ஒன்றும் இல்லை, நல்ல புரோகிராமருக்குக் கோவையில் வேலை கிடைக்கும். டூல் டிசைன், பகுப்பாய்வு, ஆராய்ச்சி என்று நகர விரும்பினால் சேருங்கள். இரண்டு ஆண்டுப் பட்டறை அனுபவத்தோடு வரும் மாணவர், பி.இ. முடித்த கையோடு வருபவரைவிட இப்படிப்பில் அதிகம் பெறுவார் என்பது என் உறுதியான எண்ணம். சம்பளத்தை விட முடியாத நிலை இருந்தால், ஆறு பருவங்கள் கொண்ட பகுதிநேர எம்.இ. எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள். எங்கே சேர்வதானாலும், விளம்பரப் பலகையைப் பார்க்காமல் ஆய்வகத்தைப் போய்ப் பாருங்கள்: சி.என்.சி. மெஷினின் மீது உறை போர்த்தியிருக்கிறதா, தொட்டியில் கூலன்ட் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும். இரண்டாம் ஆண்டு முழுவதும் நீளும் ப்ராஜெக்டுக்கு உங்கள் பட்டறையின் தீராத சிக்கல் ஒன்றையே எடுத்துக்கொண்டு போனால், முதலாளியின் மனமும் ஒருவேளை மாறலாம்.

கேள்வி: பி.இ. இறுதியாண்டு படிக்கிறேன். கேட்-கேம் முதுநிலையில் சேர, தேசிய அளவிலான கேட் (GATE) தேர்வு எழுத வேண்டுமா, அண்ணா பல்கலைக்கழகத்தின் நுழைவுத்தேர்வு போதுமா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: (தமிழில் எழுதும்போது படிப்பும் 'கேட்', தேர்வும் 'கேட்' என்று ஆகிவிடுவது நம் எழுத்தின் விளையாட்டு.) தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சேர, 2023 முதல் நடக்கும் சீட்டா-பி.ஜி. என்ற நுழைவுத்தேர்வு போதும். ஆனாலும் கேட் தேர்வையும் எழுதிவிடுங்கள் என்பதே என் பதில். காரணம் பணம். கேட் தேர்வில் தகுதி பெற்று, ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேரமாகச் சேர்பவர், விதிமுறைகளுக்கு உட்பட்டு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையை அதிகபட்சம் 24 மாதங்கள் பெறலாம். நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணை மட்டும் கொண்டு சேர்பவருக்கு அது இல்லை. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. கதவுகளும் பொதுவாக கேட் மதிப்பெண்ணுக்கே திறக்கின்றன. ஒரு முறை பெற்ற மதிப்பெண் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். 100 மதிப்பெண்ணில் பொதுத்திறனுக்கு 15, கணிதத்துக்கு 13 ஒதுக்கப்படுகின்றன; இயந்திரவியல் பாடங்களை மட்டும் புரட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த 28 மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறார்கள்.

கேள்வி: என் மகள் எம்.இ. கேட்-கேம் படிக்கிறாள். கல்லூரி ஆசிரியர் வேலைக்கு அது போதுமா?
– ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்: பி.இ., எம்.இ. இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பு இருந்தால் உதவிப் பேராசிரியர் பணிக்கான அடிப்படைத் தகுதி உண்டு என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. இணைப் பேராசிரியர் ஆவதற்கு முனைவர் பட்டம் வேண்டும். இயந்திரவியலில் மாணவர் சேர்க்கை குறைந்த கல்லூரிகளில் ஆசிரியர் இடங்களும் சுருங்கும் என்பதால், இந்த ஒரு வேலையை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கேட்-கேம் மென்பொருள்களின் விலை லட்சக்கணக்கில் இருக்கிறதே, மாணவர்கள் வீட்டில் எப்படிப் பழகுவது?
– ஒரு மாணவர், நாகர்கோவில்

பதில்: ஆட்டோடெஸ்க் போன்ற நிறுவனங்கள் மாணவர்களுக்குக் கல்வி உரிமத்தை இலவசமாகத் தருகின்றன. ஃப்ரீகேட் யாவருக்குமே இலவசம். மாடல், டூல் பாத், ஃபைனைட் எலிமென்ட் மூன்றையும் அதில் பழகலாம். திருட்டுப் பிரதி வேண்டாம். அதில் செய்த ஃபைலை நாளை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால் சிக்கிக்கொள்வது நீங்கள்தான்.