தலைமடை ஏன் தண்ணீர் விட வேண்டும்?

அன்புள்ள அக்கா,

பாலித் தீவின் நெல் விவசாயிகளைப் பற்றி மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் செய்த ஆய்வை எழுதியிருந்தீர்கள். அங்கே மேலே உள்ளவர்கள் தங்கள் லாபத்துக்காகவே கீழே உள்ளவர்களுக்குத் தண்ணீர் விடுகிறார்கள் என்று. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம், கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்து பூத்தூவுவதை டிவியில் பார்ப்போம். ஆற்றிலிருந்து ஏ, அதிலிருந்து பி, அதிலிருந்து சி என்று பிரியும் எங்கள் சி வாய்க்காலுக்குத் தண்ணீர் வருவதற்குள் ஆடி கழிந்துவிடும். தலைமடைக்காரர்களுக்கு மனசில்லை, அவ்வளவுதான். ஒருவர் லாபம் இன்னொருவர் முடிவைப் பொறுத்தது என்று பார்க்கும் ஆட்டக் கோட்பாட்டில் (game theory) கணக்குப் போட்டால் மனசு மாறிவிடுமா?

கல்லூரி மாணவன், திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள தம்பி,

என் மாமா வீடு மன்னார்குடிக்குத் தெற்கே. முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் ராத்திரி மடை காக்கப் போவார். சின்ன வயதில் நானும் கூடப் போயிருக்கிறேன். மண் நிரப்பிய சாக்கின்மேல் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார். மேலே யாராவது வாய்க்காலை அடைத்தால் அவருக்குக் காதிலேயே தெரிந்துவிடும். சலசலப்பு மெலியும், டார்ச்சையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்படி அடைத்தவர்களில் ஒருவர், மாமா பெண் கல்யாணத்தில் மூன்று நாள் பந்தலடியிலேயே கிடந்து வேலை செய்தவர். அவருக்கு மனசில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

லான்சிங்கும் பொருளாதார அறிஞர் ஜான் மில்லரும் 2005இல் வெளியிட்ட கணக்கை நம்மூர் மூட்டையில் சொல்கிறேன். எண்கள் புரிவதற்காக நான் வைத்தவை. ஏக்கருக்கு 30 மூட்டை விளைச்சல். மேலே தலைமடைக்காரரும் கீழே கடைமடைக்காரரும் வெவ்வேறு நேரத்தில் நட்டால் பூச்சி ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளும். இருவருக்கும் 12 மூட்டை நஷ்டம், மிஞ்சுவது 18. ஒரே நேரத்தில் நட்டு ஒரே நேரத்தில் அறுத்துத் தரிசு போட்டால் பூச்சிக்குத் தீனி இல்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் வேண்டும், பற்றாக்குறை கீழே உள்ளவர் தலையில் விழும். அவருக்கு அதில் 15 மூட்டை போய்விடும் என்றால், மிஞ்சும் 15க்கு 18 மேல் என்று வேறு நேரத்தில் நட்டுவிடுவார். அப்போது மேலே உள்ளவரும் 30லிருந்து 18க்கு இறங்குகிறார். அவர் தன் விளைச்சலில் 3 மூட்டை குறைந்தாலும் பரவாயில்லை என்று கொஞ்சம் தண்ணீர் விட்டு, கீழ் நஷ்டத்தை 10 ஆக்கினால்? கீழே 20, மேலே 27. இருவருக்கும் 18ஐ விட லாபம். பாலியில் எது பெரிய கவலை என்று கேட்டபோது கீழ்ப்பகுதிக்காரர்கள் தண்ணீர் என்றார்கள், மேல்பகுதிக்காரர்கள் பூச்சி என்றார்கள். 1970களில் பசுமைப் புரட்சி வந்து, ஓயாமல் நடச் சொல்லி, பேசிவைத்துச் சேர்ந்து நடும் இந்த ஒழுங்கைக் குலைத்தபோது பூச்சி பெருகியது.

நம் டெல்டாவில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. தஞ்சாவூர்ப் பக்கம் போர்வெல் இருக்கிறது. ஆற்றை எதிர்பாராமல் குறுவை நடலாம். உங்கள் பக்கம் நிலத்தடி நீர் உப்பு. அவர்கள் நடும் தேதியும் உங்கள் தேதியும் பிரிந்தே போய்விட்டன. பூச்சி வழியாகத் தலைமடையைக் கடைமடையோடு கட்டிவைக்கும் கயிறு இங்கே தளர்ந்திருக்கிறது.

ஆனால் இன்னொரு கயிறு இருக்கிறது. நான் உங்களுக்குச் சொல்ல வந்ததே இதைத்தான்.

வலைப்பின்னல் ஆய்வு செய்பவர்கள் முதலில் கேட்பது, யார் யாரை நம்பியிருக்கிறார் என்று. நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, அங்கிருந்து ஏ, பி, சி, டி வாய்க்கால்களாகக் கிளைவிட்டு இறங்குவதை ஒரு தாளில் போடுங்கள். மரம் மாதிரி வரும். ஆடியில் ஒவ்வொரு கிளையும் தனக்கு மேலே உள்ள ஒரே ஒரு மதகை நம்பி நிற்கிறது. இப்போது அதே தாளைக் கார்த்திகை மழையில் பாருங்கள். தண்ணீர் ஓடும் திசை மாறவில்லை, நம்பியிருப்பவர் மாறிவிட்டார். நம்மூரில் ஒருவருக்குப் பாசனமாக வரும் வாய்க்காலே பல இடங்களில் இன்னொருவருக்கு வடிகால். சரிவு மிகக் குறைந்த மண். கீழே ஒரு பாலத்தடியில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்னேறி மேல் வயலின் சம்பாவையும் முழுக்கடிக்கும். உங்கள் வயல்தான் முதலில் மூழ்கும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மூழ்குவது உங்களோடு நிற்பதில்லை.

மாமா ஊரில் ஒரு கார்த்திகை மாதம் பார்த்தேன். ஆடியில் மடையை அடைத்த அதே மனிதர் அரிவாளோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, மாமா வயலுக்குக் கீழே நெய்வேலிக் காட்டாமணக்கை அறுத்துக் கரையில் எறிந்துகொண்டிருந்தார். மாமா மேலே நின்று இழுத்துப் போட்டார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆடியில் தண்ணீர் கேட்கும் பேச்சையும் கார்த்திகையில் வடிகால் வெட்டும் பேச்சையும் தனித்தனியாக வைத்துக்கொள்வதால்தான் கடைமடை வெறுங்கையோடு போய் நிற்கிறது. இரண்டையும் சித்திரையில், வாய்க்கால் காய்ந்திருக்கும்போது, ஒரே கூட்டத்தில் பேசினால் உங்கள் கையிலும் கொடுக்க ஒன்று இருக்கும்.

உங்கள் சி வாய்க்காலுக்கு ஆடிக்கு ஒன்று, கார்த்திகைக்கு ஒன்று என்று இரண்டு தாள் போட்டு அனுப்புங்கள், தம்பி. உங்கள் ஊர்ப் பாலத்தடி வழியாக எத்தனை பேருடைய மழைத்தண்ணீர் வடிகிறது என்று எண்ணி, கார்த்திகைத் தாளிலேயே எழுதுங்கள்.