சைட்டேஷன் சோறு போடுமா என்று கேட்ட பெரியப்பாவுக்கும் சேர்த்து

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டாவது முறை நீட் எழுதியும் உங்கள் மகளுக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்கு மதிப்பெண் போதவில்லை. நிலத்தை விற்றாவது மேனேஜ்மெண்ட் சீட் வாங்கச் சொல்கிறார் பெரியப்பா. மகளோ, புற்றுநோயை உண்டாக்கும் மரபணுக்களைப் படிக்கப் போகிறேன் என்று ராபர்ட் வைன்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் கட்டுரையைக் காட்டுகிறாள். பல்லாயிரம் ஆய்வுக் கட்டுரைகள் இதை மேற்கோள் காட்டியிருக்கின்றன, அதாவது இதற்கு அவ்வளவு சைட்டேஷன், என்று அவள் சொன்னதும், "அந்த நம்பர் சோறு போடுமா?" என்று அவர் கேட்டிருக்கிறார். உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனால் இப்போது உங்களுக்குத் தேவை ஆறுதல் இல்லை. நிலத்தை விற்காதீர்கள்.

மேனேஜ்மெண்ட் சீட்டுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் போகும். முடித்ததும் மேற்படிப்புக்கு இன்னொரு நுழைவுத்தேர்வு, இன்னொரு செலவு. இதெல்லாம் யாருக்காக? "நோயாளிகளைப் பார்ப்பதில் எனக்கு ஆசையில்லை, செல் ஏன் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது என்றுதான் தெரிய வேண்டும்" என்று உங்கள் கடிதத்தின் கீழே அவளே எழுதியிருக்கிறாள். அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள்.

கேன்சர் ஆராய்ச்சிக்கும் முதலில் டாக்டராக வேண்டும் என்பது சரியல்ல. வைன்பெர்க் மருத்துவர் இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உயிரியல் படித்து 1969இல் முனைவர் பட்டம் வாங்கியவர். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் செல்லில் இருந்த ராஸ் என்ற மரபணு, இயல்பான மரபணுவிலிருந்து ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்தில்தான் மாறியிருக்கிறது என்று 1982இல் அவருடைய ஆய்வகமும் வேறு இரண்டு குழுக்களும் கண்டுபிடித்தன. அந்த ஓர் எழுத்தால், அந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் 12ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின் என்ற வேறொன்று வந்துவிடுகிறது. மற்ற குழுக்களில் ஒன்றின் கட்டுரையில் முதல் பெயராக இருப்பவர் பிரேம்குமார் ரெட்டி, ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துப் போனவர்.

மகளிடமும் ஒன்று சொல்லுங்கள். அவள் காட்டிய கட்டுரை இந்தக் கண்டுபிடிப்பு அல்ல. டக்ளஸ் ஹனஹானும் வைன்பெர்க்கும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் செல் இதழில் எழுதிய தொகுப்புக் கட்டுரை அது. புற்றுநோய்ச் செல்கள் பெறும் ஆறு திறன்களை அது வரிசைப்படுத்தியது. ராஸ் கண்டுபிடிப்பைவிட இதற்குத்தான் சைட்டேஷன் மிக அதிகம். ஒரு கட்டுரையை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்றுதான் அந்த எண் சொல்லும், எது பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்லாது. "உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் எங்களிடம்" என்று விளம்பரம் செய்து பயோடெக் சீட் விற்கும் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். அது சைட்டேஷனை வைத்துப் போடும் பட்டியல், தனி மனிதர்களுக்கானது. அவர்கள் உங்கள் மகளுக்குப் பாடம் எடுப்பார்களா என்று கேளுங்கள்.

பி.டெக்., பார்மசி பற்றியெல்லாம் அக்கம்பக்கத்தில் சொல்ல ஆள் இருக்கிறது. யாரும் சொல்லாதது ஐசர் என்கிற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்கள். நாட்டில் ஏழு இருக்கின்றன. சென்னைக்குப் பக்கம் திருப்பதி. உங்கள் தென்காசிக்குப் பக்கம் திருவனந்தபுரம் ஐசர், பொன்முடி அடிவாரத்து விதுராவில் இருக்கிறது. இளங்கலையும் முதுகலையும் சேர்ந்த ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு. தொடக்கத்தில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் எல்லாம் படித்தே ஆக வேண்டும். கணிதம் இவளுக்குச் சிரமமாக இருக்கலாம், ஆனால் இன்றைய மரபணு ஆய்வில் பாதி வேலை கணினியில்தான், அதனால் அந்தச் சிரமம் வீண்போகாது. கடைசி வருடம் ஓர் ஆய்வகத்தில் உட்கார்ந்து சொந்தமாக ஆய்வு செய்து எழுத வேண்டும். சைட்டேஷனைப் பார்க்க வேண்டிய நேரம் அதுதான். வழிகாட்டியாக வரப்போகிறவரின் கடந்த ஐந்து வருடக் கட்டுரைகளை எடுத்து, முதல் பெயராக மாணவர்கள் இருக்கிறார்களா, வெளி ஆய்வகங்கள் மேற்கோள் காட்டுகின்றனவா, இல்லை தங்களுக்குள்ளேயே காட்டிக்கொள்கிறார்களா என்று பார்க்கட்டும்.

சேர்வதற்கு ஐ.ஏ.டி. என்ற தனித் தேர்வு எழுத வேண்டும். நான்கு பாடங்களுக்கும் சம அளவு கேள்விகள், எனவே நீட் தயாரிப்பில் மூன்று பாடங்கள் கைகொடுக்கும். எந்த வருடம் பிளஸ் டூ முடித்தவர்கள் எழுதலாம் என்ற நிபந்தனையை விண்ணப்பிக்கும் முன் பாருங்கள்.

பணக் கணக்கையும் மறைக்க மாட்டேன். அப்புறம் பிஎச்.டி.க்கு ஐந்தாறு வருடம் ஆகும். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. சில நேரம் பணம் வர மாதக்கணக்கில் தாமதமாகும். நிரந்தர வேலை கிடைக்கும்போது முப்பது தாண்டியிருக்கும். அதற்குள் கல்யாணம் என்று நெருக்குவீர்கள் என்றால் இந்த வழியில் அவளை அனுப்பாதீர்கள். பாதியில் நிறுத்துவதுதான் பெரிய நஷ்டம்.

சீட் ஏஜெண்ட்டுக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த வாரம் வரும்போது பெரியப்பாவையும் கூட்டி வாருங்கள், அவரிடம் நானே பேசுகிறேன்.