வேனின் உட்சுவர்ப் பலகைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சரக்கு வேனைத் தாங்களே தங்கும் வண்டியாக மாற்றிவரும் வாசகர்கள் உட்சுவர் குறித்து அனுப்பிய கேள்விகளைத் தொகுத்து இந்த இதழில் பதிலளித்திருக்கிறோம்.

கேள்வி: வேனின் உட்புறத்தில் வெப்பக்காப்பு ஒட்டி முடித்துவிட்டேன். அடுத்து 6 மி.மீ. பிளைவுட்டைச் சுவராகப் பொருத்த வேண்டும். வண்டியின் இரும்பு விலாக்களில் நேரடியாக ஸ்க்ரூ முடுக்கலாமா, ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து அதன்மேல் பொருத்த வேண்டுமா? பசை மட்டுமே போதும் என்கிறார் என் நண்பர்.

பதில்: நிறுத்தி வைத்த வண்டியில் மூன்று வழிகளிலும் பலகை ஒழுங்காகவே நிற்கும். வண்டி ஓடத் தொடங்கிய பிறகுதான் வேறுபாடு தெரியவரும். ஓடும் வேனின் உடல் ஒவ்வொரு பள்ளத்திலும் சற்றே முறுகி மீள்கிறது. வெயிலில் இரும்பு விரிகிறது. ஈரத்தில் மரம் உப்புகிறது. ஆகவே பலகை இறுகப் பிடித்திருக்க வேண்டும், அதே வேளையில் சிறிது நகரவும் வேண்டும், தேவைப்படும் நாளில் உடையாமல் கழன்றும் வர வேண்டும். பொருத்தும் முறை எதுவாயினும் இந்த மூன்றையும் வைத்தே அதை எடைபோடுங்கள்.

விலாக்களின் தகடு பெரும்பாலும் ஏறத்தாழ 1 மி.மீ. தடிமன்தான். தகட்டைத் தானே துளைத்து ஏறும் 4.2 மி.மீ. ஸ்க்ரூவின் புரிகளுக்கு இடைப்பட்ட தூரம் 1.4 மி.மீ. என்பதால், ஒரு முழுப் புரிகூட அந்தத் தகட்டைக் கவ்வுவதில்லை. முதல்முறை முடுக்கும்போது நன்றாகப் பிடிப்பதாகவே தோன்றும். இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டினால் துளை அகன்று, ஸ்க்ரூ சும்மா சுழலும். மேலும், பலகை இரும்பை நேரடியாகத் தொடும் இடங்களில் வெளிக் குளிர் உள்ளே கடந்து வந்து, பலகையின் பின்புறத்தில் ஈரம் படியும்.

பசை மட்டும் போதும் என்ற யோசனையை நான் ஏற்கமாட்டேன். வாகன வேலைக்குரிய பாலியூரித்தேன் பசை மிக வலியது, காய்ந்த பிறகும் ரப்பர்போல நெகிழ்ந்து கொடுப்பது என்பதெல்லாம் உண்மையே. ஆனால் அதில் ஒட்டிய பலகையின் பின்னால் ஒரு கம்பி அறுந்தாலோ நீர் கசிந்தாலோ, பலகையைப் பிளந்துதான் உள்ளே பார்க்க முடியும்.

எனவே ரீப்பரே என் பரிந்துரை: ரீப்பரை வண்டியோடு நிரந்தரமாகவும், பலகையை ரீப்பரோடு கழற்றும்படியாகவும் பொருத்துங்கள். ரீப்பரைப் பிடிக்க விலாவில் எம்6 ரிவெட் நட் (தகட்டுத் துளையில் பதிந்து நின்று 6 மி.மீ. போல்ட்டை ஏற்கும் நட்) பதிப்பது நல்லது. அதற்கு வழக்கமாக 9 மி.மீ. துளை வேண்டும், கருவியால் இழுக்கும்போது நட்டின் உடல் தகட்டின் பின்புறத்தில் மடிந்து கவ்விக்கொள்வதால், போல்ட்டை எத்தனை முறையும் கழற்றி மாட்டலாம். போல்ட்டின் தலை ரீப்பருக்குள் அமிழும்படி குழி எடுத்துவிடுங்கள். ரீப்பருக்கும் இரும்புக்கும் இடையில் மெல்லிய ஃபோம் டேப் ஒன்றை ஒட்டினால், கிரீச்சொலியும் குறையும், குளிர் கடக்கும் பாதையும் தடைபடும்.

துளையிடுமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். விலாவின் பின்னால் வண்டியின் மூல வயரிங்கோ எரிபொருள் நிரப்பும் குழாயோ செல்கிறதா என்று கையாலும் டார்ச்சாலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சீட் பெல்ட் பிணைப்புகளையும், காற்றுப்பை பொதிந்த தூண்களையும் தொடவே கூடாது. ட்ரில் பிட்டின் மேல் தடுப்பு வளையம் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். விலாவைத் துளைத்த வேகத்தில் பிட் வழுக்கிச் சென்று வெளித்தகட்டையும் துளைத்துவிட்டால், அதைச் சரிசெய்யும் செலவு மொத்தச் சுவரின் செலவை மிஞ்சக்கூடும். ஒவ்வொரு துளையின் விளிம்பையும் அரத்தால் மழுக்கி, துத்தநாக பிரைமர் பூசி, அது காய்ந்த பின்னரே நட்டைப் பதியுங்கள். உதிர்ந்த இரும்புத் தூளைக் காந்தத்தாலும் வாக்குவம் கிளீனராலும் முழுவதும் எடுத்துவிட வேண்டும். மடிப்புகளில் தங்கிய தூள் சில வாரங்களிலேயே துருப்பிடித்து, வண்டியின் நல்ல பெயின்டையும் கெடுக்கும். பலரும் சலிப்பில் விட்டுவிடும் வேலை இதுவே.

கேள்வி: ஸ்க்ரூக்களை எவ்வளவு இடைவெளியில் முடுக்க வேண்டும்? பலகைகளை ஒன்றோடொன்று முட்ட வைக்கலாமா?

பதில்: 6 மி.மீ. பலகைக்கு ஓரங்களில் 20 செ.மீ. அளவிலும் நடுவில் 30 செ.மீ. அளவிலும் ஒரு ஸ்க்ரூ இருந்தால் போதும். ஸ்க்ரூவின் நீளம், பலகையும் ரீப்பரும் சேர்ந்த தடிமனைவிடக் குறைவாக இருக்கட்டும். பலகையில் இடும் துளை, ஸ்க்ரூவின் தண்டைவிட ஏறத்தாழ 1 மி.மீ. அகலமாக இருந்தால் பலகை நகர இடம் கிடைக்கும். ஸ்க்ரூத் தலைக்கு அடியில் கிண்ண வாஷர் வைத்தால், மெல்லிய பலகைக்குள் தலை புதைந்து கிழிக்காது. பார்வைக்கும் திருத்தமாக இருக்கும்.

பலகைகளை முட்ட வைக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி விட்டு, அதை மெல்லிய மரப்பட்டியால் மூடுங்கள். அந்தப் பட்டியை ஒரு பக்கத்துப் பலகையோடு மட்டும் பிணைத்து, மறுபக்கத்தைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்க விட வேண்டும். வீட்டுச் சுவரில் செய்வதுபோல இணைப்பில் புட்டி பூசி, தேய்த்து, ஒரே பரப்பாகக் காட்ட நினைத்தால், சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்திலேயே அந்தக் கோடு விரிசலாக வெளியே தெரியும்.

கேள்வி: என் வேனின் சுவர் மேலே போகப் போக உள்நோக்கி வளைகிறது, சக்கர மேட்டின் ஓரத்திலும் கோடு நேராக இல்லை. பலகையை எப்படி அளந்து வெட்டுவது?

பதில்: வளைவான இடத்தில் அளவு நாடாவை நம்புவதைவிட அட்டை மாதிரி எடுப்பது மேல். தடித்த அட்டையை ஓரத்துக்கு 2, 3 செ.மீ. தள்ளி நிறுத்தி டேப்பால் ஒட்டுங்கள். காம்பஸை அந்த இடைவெளிக்குச் சற்றுக் கூடுதலாக விரித்து, அதன் முள் முனை வண்டியின் விளிம்பைத் தொட்டபடியே செல்ல, பென்சில் முனை அட்டையில் வரையட்டும். காம்பஸைச் சாய்க்காமல் ஒரே திசையில் பிடிப்பதில்தான் கவனம் வேண்டும். வரைந்த கோட்டில் வெட்டி வைத்துப் பார்த்து, திருத்தி, பிறகே பிளைவுட்டுக்கு மாற்றுங்கள். முதலில் கோட்டுக்குச் சற்று வெளியே வெட்டி, மிச்சத்தை இழைப்புளியாலோ உப்புத்தாளாலோ குறைப்பது பாதுகாப்பான வழி.

ரசமட்டம் இங்கே அவ்வளவாக உதவாது. வண்டி நிற்கும் தரை சாய்ந்திருந்தால் குமிழியும் சாய்ந்தே காட்டும். தரைப்பலகையையோ ஜன்னலின் கீழ்விளிம்பையோ ஆதாரக் கோடாகக் கொண்டு, எல்லாப் பலகைகளையும் அதற்கு இணையாக அமையுங்கள்.

வளைவுக்கு 6 மி.மீ. பலகை பணியாவிட்டால் 3 மி.மீ. பலகையைப் பயன்படுத்தலாம். பிளைவுட் தன் மேலடுக்கின் இழைக்குக் குறுக்காக எளிதில் வளையும், இழையின் நீளவாக்கில் விறைத்து நிற்கும் என்பதால், வெட்டுவதற்கு முன்னரே இழையின் திசையை முடிவுசெய்துகொள்ள வேண்டும். தண்ணீர் தெளித்து வளைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படி வளைத்த பலகை முழுமையாகக் காய்வதற்குள் மூடிவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: பலகை போட்ட பிறகு மின்கம்பிகளை இழுத்துக்கொள்ளலாமா?

பதில்: முன்பே இழுத்துவிடுங்கள். கம்பிகளை நெளிகுழாய்க்குள் விட்டு, தகட்டுத் துளைகளில் ரப்பர் வளையம் பொருத்துங்கள். பலகையால் மூடுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவை விரித்துவைத்த நிலையில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அலமாரிக்கு ஸ்க்ரூ முடுக்கும்போது, ரீப்பர் எங்கே, கம்பி எங்கே என்று அந்தப் படமே சொல்லும். கனமான அலமாரி வரப்போகும் இடங்களில் கூடுதல் ரீப்பரையும் இப்போதே அடித்துவிடுங்கள், 6 மி.மீ. பலகையை மட்டும் நம்பி எதையும் தொங்கவிட முடியாது.

கேள்வி: பலகைக்குப் பெயின்ட் அடிப்பதா, வார்னிஷ் பூசுவதா, துணி ஒட்டுவதா? எது நீடிக்கும்?

பதில்: மூன்றும் நீடிக்கும், அடித்தள வேலை ஒழுங்காக இருந்தால். பொருத்தியபின் உள்ளே நின்று பூசுவதைவிட, பலகைகளை ஒருமுறை பொருத்திப் பார்த்து, பின்புறத்தில் எண்ணிட்டு, கழற்றி வெளியே கொண்டுவந்து பூசுவதே சிறந்தது. முன்புறம், பின்புறம், விளிம்பு, ஸ்க்ரூத் துளை எல்லாவற்றுக்கும் பூச்சு ஏற வேண்டும். முன்புறத்தை மட்டும் பூசினால், பூசாத பின்புறம் ஈரத்தை வேறு வேகத்தில் உறிஞ்சி வெளியிட, பலகை ஒரு பக்கமாக வளைந்துபோகும். அதிகத் தாகம் விளிம்புக்குத்தான். அங்கே நீர்த்த பூச்சை இரண்டு மூன்று முறை ஊறவிடுங்கள்.

120 எண் உப்புத்தாளில் தொடங்கி 180இல் முடித்து, தூசியை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் பிரைமர் பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் 240இல் மெல்லத் தேய்த்தால், பெயின்ட் வழவழப்பாகப் படியும். தடிமனான ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சுகள் உழைக்கும். மரத்தின் இழை தெரிய வேண்டும் என்றால் வார்னிஷ்: நீரில் கரையும் வகை விரைவில் காயும், மணம் குறைவு, அதிகம் மஞ்சளாகாது, எண்ணெய் சார்ந்த வகை மரத்துக்குச் செழுமையான நிறம் தரும், ஆனால் காலப்போக்கில் மஞ்சளாகும், காய நேரமும் எடுக்கும். எண்ணெய்ப் பூச்சுக்குப் பயன்படுத்திய துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் போன்றவை காயும்போது வெப்பத்தை வெளியிடுவதால், குவிந்து கிடக்கும் துணி தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்து வெளியில் உலரவிட்டோ தண்ணீரில் ஊறவைத்தோ அப்புறப்படுத்துங்கள்.

நான்கு பக்கமும் நீளும் வண்டித் துணி, வெட்டில் நேர்ந்த சிறு பிழைகளை மறைத்துவிடும். முதல்முறை செய்பவருக்கு அதையே சொல்வேன். பசைதான் இதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். மூடிய வண்டி வெயிலில் கடுமையாகச் சூடேறும். சாதாரணத் தெளிப்புப் பசை அந்தச் சூட்டில் இளகி, துணி கூரையோரத்தில் தொய்ந்துவிடும். உயர் வெப்பம் தாங்கும் வகையைக் கேட்டு வாங்கி, துணியிலும் பலகையிலும் பூசி, கைக்கு ஒட்டாத பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி நீவி ஒட்டுங்கள். ஓரத்தில் 5 செ.மீ. மிகையாக விட்டு, பலகையின் பின்புறம் மடித்து ஒட்டினால் விளிம்பு பிரிந்து வராது.

கேள்வி: பலகை பொருத்தி ஒரு மாதமாகிறது. ஒரு பலகை மட்டும் நடுவில் புடைத்திருக்கிறது. ஸ்க்ரூக்களை இன்னும் இறுக்கட்டுமா?

பதில்: இறுக்க வேண்டாம், கழற்றிப் பாருங்கள். பின்னால் விரியும் தெளிப்பு ஃபோம் அடைத்திருந்தால், அது காயும்போது பலகையைத் தள்ளியிருக்கும். மிகையை வெட்டி எடுத்தால் சரியாகிவிடும். பலகையின் பின்புறம் ஈரமாகவோ கறுத்தோ இருந்தால், மூச்சிலும் சமையலிலும் எழும் ஈரக்காற்று இடுக்குகள் வழியே சென்று குளிர்ந்த தகட்டில் நீராகப் படிகிறது என்று பொருள். காப்புப் பொருளைத் தகட்டோடு இடைவெளியின்றி ஒட்டி, இணைப்புகளை டேப்பால் மூடி, கூரையில் ஒரு காற்றுப்போக்கி வைத்தால் ஈரம் குறையும். தகட்டின் அடியில் உள்ள வடிகால் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால், பலகை இரு ஓரங்களிலும் எதன்மீதோ முட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கத்தில் 2 மி.மீ. இழைத்துவிட்டு, துளைகளையும் சற்று அகலப்படுத்தி, மீண்டும் மாட்டுங்கள்.

கேள்வி: பிளைவுட்டுக்குப் பதிலாக எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அல்லது ஜிப்சம் பலகை போடலாமா?

பதில்: ஜிப்சம் வண்டியின் அதிர்வில் வெடித்து உதிரும்; அதை ஓடாத அறைகளுக்கு விட்டுவிடுங்கள். எம்.டி.எஃப். வழவழப்பானது, பெயின்ட் அழகாக ஏறும். ஆனால் எட்டுக்கு நான்கு அடியில் 6 மி.மீ. பிளைவுட் ஒன்று ஏறத்தாழ 11 கிலோ என்றால், அதே அளவு எம்.டி.எஃப். 13 கிலோவுக்கும் மேல் இருக்கும். சாதாரண வகையின் விளிம்பில் நீர் பட்டால் உப்பிவிடும், பிறகு அது பழைய தடிமனுக்குத் திரும்பாது. அலமாரிக் கதவு ஒன்றிரண்டுக்குப் பயன்படுத்துங்கள், சுவருக்கு வேண்டாம்.