அப்பாவுக்கு மாகுலா தேய்மானம், எனக்கும் வருமா? – வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வயது சார்ந்த மாகுலா தேய்மானம் பற்றியவை. விழித்திரையின் நடுவில், கூர்மையான பார்வைக்கென்று இருக்கும் இடம்தான் மாகுலா; வயதாக ஆக அது பழுதாவதுதான் இந்த நோய். உலர் வகையா (மெல்லத் தேய்வது), ஈர வகையா (புதிய ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிவது) என்றுகூட எழுதாமல் 'விழித்திரையில் கோளாறாம், என்ன செய்யலாம்?' என்று மட்டும் கேட்டவர்கள், கையில் இருக்கும் ரிப்போர்ட்டை ஒருமுறை படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கே: அப்பாவுக்கு இந்த நோய். எனக்கு 48 வயது. மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

ப: உங்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்தான், வந்தே தீரும் என்றில்லை. 2005இல் முதலாம் குரோமோசோமில் இருக்கும் சி.எஃப்.எச். மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பது பிடிபட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றத்தை வாங்கியவர்களுக்கு ஆபத்து ஐந்தாறு மடங்கு. 2016இல் நோயோடு தொடர்புள்ள இப்படிப்பட்ட மரபணு இடங்களின் பட்டியல் 34 ஆகிவிட்டது. ஆனாலும் அந்த மாற்றத்தைச் சுமந்துகொண்டு கடைசிவரை கண் நன்றாகத் தெரிந்தவர்களும் உண்டு. பரிசோதனை முடிவு எதுவானாலும் உங்களுக்குச் சொல்லப்போகும் யோசனை ஒன்றேதான்: 50 தாண்டியதும் கண்மணியை விரியவைத்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சிகரெட் இருந்தால் விடுங்கள். பரிசோதனைப் பணம் மிச்சம்.

கே: செல்போன் வெளிச்சம்தான் காரணமாமே?

ப: இல்லை. பகலில் வெளியே நிற்கும்போது கண்ணுக்குள் போகும் நீல ஒளிக்கு முன்னால் போனிலிருந்து வருவது ஒன்றுமே இல்லை. கண் காய்ந்து எரிவது வேறு கதை.

கே: ஓ.சி.டி. படம் (விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஸ்கேன்) அனுப்பியுள்ளேன். டிரூசன் என்று போட்டிருக்கிறது. கொழுப்புதானே? கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டால் கரையுமா?

ப: நீங்கள் அனுப்பிய படத்தில் உங்கள் கட்டைவிரல்தான் தெளிவாக இருக்கிறது. வலது கண்ணா, இடது கண்ணா என்ற எழுத்தையும் அதுவே மறைத்துவிட்டது. தெரிகிற பாதியில், நேராக ஓட வேண்டிய நிறமிப் படலத்தின் (விழித்திரைக்கு அடியில் இருக்கும் செல் அடுக்கு) கோடு இரண்டு மூன்று இடங்களில், பாய்க்கு அடியில் கூழாங்கல் கிடந்தால் எப்படி இருக்கும், அப்படி மேடு தட்டியிருக்கிறது. அந்த மேடுகள்தான் டிரூசன். கொழுப்பு உண்டு, கூடவே புரதம், பொடிப்பொடியான கால்சியம் உருண்டைகள் என்று எல்லாம் கலந்த கசடு அது. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் ஒவ்வொரு ராடு செல்லும் தன் வெளி நுனியில் சுமார் பத்தில் ஒரு பங்கைத் தினமும் உதிர்க்கிறது. உதிர்ந்ததை விழுங்கிச் செரிப்பது அந்தப் படலத்தில் உள்ள நிறமிச் செல்லின் வேலை. ஒரு நிறமிச் செல் 30 செல்களுக்குக் குப்பை அள்ளுகிறது, மாற்று ஆள் இல்லாமல், ஆயுள் முழுக்க. வயதானால் தேங்கத்தான் செய்யும். கொலஸ்ட்ரால் மாத்திரை இதயத்துக்கென்று கொடுத்திருந்தால் போடுங்கள். கண்ணுக்கென்று நீங்களாகத் தொடங்காதீர்கள்.

கே: காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள், எலிகளுக்குக் குணமாகிவிட்டது என்று படித்தேன். மருந்து எப்போது வரும்?

ப: இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. முதலில், எலிக்கு மாகுலாவே கிடையாது. நிறத்தையும் நுணுக்கத்தையும் பார்க்கும் கூம்புச் செல்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அந்த நடு இடம் பாலூட்டிகளில் நமக்கும் குரங்கினத்துக்கும்தான். எலியின் ஆயுள் இரண்டு மூன்று வருஷம். எழுபது வருஷம் தேங்கிய கசடு அதற்கு எங்கிருந்து வரும்? எலியிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 'குணமாகிவிட்டது' என்ற தலைப்புதான் எனக்கு எரிச்சல்.

அடுத்து, 'காரணம்' என்ற சொல். பத்தாம் குரோமோசோமில் ஆர்ம்ஸ்2, எச்.டி.ஆர்.ஏ.1 என்று இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. அந்தப் பகுதிக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டிலும் உள்ள மாற்றங்கள் சேர்ந்தே பரம்பரையாக வருகின்றன. திருட்டு நடந்த வீட்டிலெல்லாம் அண்ணனும் தம்பியும் ஜோடியாகவே இருந்திருக்கிறார்கள், எடுத்தது யார்? ஏறக்குறைய இருபது வருஷமாக இந்த வழக்கு நடக்கிறது. தொடர்பு வேறு, காரணம் வேறு. இதை எத்தனை முறைதான் எழுதுவேன்!

சரி, நோய் வரும் வழி தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். முதலில் சொன்ன சி.எஃப்.எச். என்பது காம்ப்ளிமென்ட் என்ற, கிருமிகளைத் தாக்கும் நோய் எதிர்ப்பு அமைப்புக்கு பிரேக். பிரேக் பழுது என்று 2005இல் தெரிந்தது. அந்த அமைப்பை அடக்கும் ஊசிகள் இரண்டுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது 2023இல். கண்ணுக்குள்ளேயே போடும் ஊசி. உலர் வகை முற்றி செல்கள் அழியும் வேகத்தை மட்டும் 15, 20 சதவீதம் குறைக்கும். போன பார்வை திரும்பாது. ஈர வகையாக மாறும் வாய்ப்பும் கொஞ்சம் கூடும். நோயாளிக்குப் பார்வையில் பலன் தெரியவில்லை என்று அதில் ஒன்றை ஐரோப்பிய மருந்து அமைப்பு மறுத்துவிட்டது. பதினெட்டு வருஷ உழைப்புக்குப் பலன் இவ்வளவு. ஆராய்ச்சியாளர்களைக் குறை சொல்லவில்லை, தலைப்பு போடுபவர்களைச் சொல்கிறேன்.

கே: நோய் இல்லை. முன்ஜாக்கிரதையாகக் கண் வைட்டமின் சாப்பிடலாமா? சிகரெட் உண்டு, குறைவாகத்தான்.

ப: வேண்டாம். 2001இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில், நடுத்தர நிலையை எட்டியவர்களுக்குத்தான் நோய் முற்றுவது சுமார் கால் பங்கு குறைந்தது. நோய் இல்லாதவர்களுக்கு இல்லை. அந்தப் பழைய கலவையில் இருந்த பீட்டா கரோட்டின் புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும்; 2013க்குப் பிறகு அதற்குப் பதில் லூட்டீன் வந்தது அதனால்தான். மாத்திரைக்கு முன்னால் சிகரெட்டை விடுங்கள். 'குறைவாக' என்றால் எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. இந்த நோயில் வயதையும் பரம்பரையையும் மாற்ற முடியாது. மாற்ற முடிந்தவற்றில் முதலிடம் சிகரெட்டுக்குத்தான்.

கே: மூன்று வாரமாக ஒரு கண்ணால் பார்த்தால் கதவு நிலை வளைந்து தெரிகிறது. இரண்டு கண்ணாலும் பார்த்தால் சரியாக இருக்கிறது. அடுத்த மாதம் மகன் வந்ததும் டாக்டரிடம் போகலாமா?

ப: நாளைக்கே போங்கள். நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள் என்று கத்திக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொல்வது ஈர வகையின் அடையாளமாக இருக்கலாம். அதற்கு ஊசி இருக்கிறது. சீக்கிரம் போட்டால் பார்வை மேலும் குறையாமல் நிற்கும், சிலருக்குக் கூடவும் செய்யும். மகனுக்குப் போனில் சொல்லிவிட்டு, யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்புங்கள்.