பசை விட்டால் இறக்கை போச்சு
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1932-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த விமானம் மரத்தால் செய்ததா? அந்தக் கால மர விமானங்களெல்லாம் எங்கே போயின?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: பாதி மரம். அக்டோபர் 15 அன்று அவர் ஓட்டிவந்தது பிரிட்டிஷ் நிறுவனமான டி ஹாவிலண்டின் புஸ் மாத். அதன் உடல் எஃகுக் குழாய்க் கூடு, இறக்கைகள் மரம், மேலே துணி. அந்தப் பயணத்தின் பொன்விழாவுக்காக 1982-ல், 78 வயதில், அவர் மறுபடி கராச்சியிலிருந்து ஓட்டிவந்த லெப்பர்ட் மாத்தில்தான் உடலும் மரம். 1933-ல் அறிமுகமான அந்த விமானத்துக்கு டி ஹாவிலண்ட் எஃகுக் குழாயைக் கைவிட்டு ப்ளைவுட் உடல் கட்டியது. எடை குறைந்ததால் 130 குதிரைத்திறன் எஞ்சினோடு மூன்று பேர் போக முடிந்தது.

புஸ் மாத்களில் சில இறக்கை முறிந்து வானிலேயே அழிந்தன. இறக்கைத் தாங்குகோலுக்குச் சிறு துணைக்கோல் கொடுத்து அதைச் சரிசெய்தார்கள். ஆனால் மர விமானங்களில் பல அழிந்தது ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில்தான். 1960-களில் பிரிட்டனில் பெர்சிவல் ப்ராக்டர், மைல்ஸ் ஜெமினி போன்ற மர விமானங்களைப் பிரித்துப் பார்த்தபோது மரம் நன்றாக இருந்தது, பசை விட்டிருந்தது. பழுதுபார்க்கும் செலவு விமானத்தின் விலையைத் தாண்டியதால் பறக்கும் நிலையில் இருந்தவையும் ஓரங்கட்டப்பட்டன. அழகான விமானங்கள், நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

காரணம் இதுதான். பழைய பசை பாலிலுள்ள கேசீன் என்ற புரதத்தில் சுண்ணாம்பு சேர்த்துச் செய்தது. ஈரம் பட்டால் பூஞ்சை அதைத் தின்றுவிடும். பின்னால் வந்த யூரியா பார்மால்டிஹைடு பசையைப் பூஞ்சை தொடாது. ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வலுவிழக்கும், கனமாகப் பூசினால் விரிசல் விடும்.

கேள்வி: எங்கள் கல்லூரிக் கிடங்கில் துணி போர்த்திய பழைய மர இறக்கை ஒன்று கிடக்கிறது. பெயின்ட் அடித்துக் காட்சிக்கு வைக்கலாமா?
– மாணவி, ஜக்கூர், பெங்களூரு

பதில்: பெயின்டை இப்போது தொடாதீர்கள். அது குறையை மூடிவிடும். முதலில் பின்விளிம்பின் அடியிலுள்ள வடிகால் துளைகளைப் பாருங்கள். தூசியோ குளவிக் கூடோ அடைத்திருந்தால் உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கும். அழுகல் அங்கேதான் தொடங்கும். மரத்தின் ஈரம் ஈரமானியில் 8 முதல் 12 சதவீதம் வரை காட்டினால் சரி. 20-ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி திறந்துவிட்டது என்று பொருள். பெங்களூரில் மார்ச் வறட்சியில் மரம் சுருங்கும், மழைக்காலத்தில் உப்பும். ஒவ்வொரு முறையும் அந்த இழுப்பைத் தாங்குவது பசைக்கோடு. அதனால் ஒரே மாதத்து அளவை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து, விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்ற ஒலி மாறிப் பொத்தென்று கேட்கும் இடத்தில் துணியைக் கொஞ்சம் வெட்டித் திறந்து, மூட்டில் இடைவெளி அளக்கும் மெல்லிய ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் ஒட்டு விட்டுப்போயிற்று. ஸ்பார், அதாவது இறக்கையின் நீளவாட்டு முதன்மைக் கட்டை, அதன் மேல் டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். இழைக்குக் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால், முரட்டுத் தரையிறக்கத்தில் மரம் நசுங்கியிருக்கிறது. அந்த ஸ்பாரைப் பறக்கும் விமானத்தில் போடவே கூடாது. போல்ட் துளையைச் சுற்றிய கறுப்புக் கறை, துருவும் ஈரமும் வேலை செய்த அடையாளம்.

கேள்வி: தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையால் ஒட்டினால் போதாதா?
– வாசகர், சிவாஜிநகர், பெங்களூரு

பதில்: காட்சிப் பொருளுக்குப் போதும். பறப்பதற்குக் கூடவே கூடாது: தொடர்ந்து பாரம் ஏறினால் அந்தப் பசை மெல்ல நகரும், வெயிலில் இளகும். ரிசார்சினால் என்ற செயற்கைப் பசைதான் காலம் தாங்கியது. ஆனால் அது இடைவெளியை நிரப்பாது. இரண்டு பரப்பும் ஒட்டி உட்கார வேண்டும். உப்புத்தாள் போடாமல் கூரான இழைப்புளியால் சீவி, அன்றே ஒட்டுங்கள். தேய்த்த தூள் மரத்தின் துளைகளை அடைத்துவிடும். ஸ்பாரின் இரண்டு துண்டுகளை முனைகளைச் சாய்வாகச் சீவி ஒட்டும்போது சாய்வு குறைந்தது 12-க்கு 1: 20 மி.மீ. கனத்துக்கு 240 மி.மீ. நீளம். ஸ்ப்ரூஸ் போன்ற மென்மரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 9 முதல் 10 கிலோ அழுத்தம் வேண்டும். பறக்கும் விமானமென்றால் உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்தில்லாமல் இதில் எதுவும் செல்லாது.

ஒட்டும்போதே அதே மரத்தில், அதே கலவையால் மாதிரித் துண்டு ஒன்றும் ஒட்டி வையுங்கள். பசை முழுதாக இறுகியதும் உளி வைத்துப் பிளந்து பாருங்கள். மரம் கிழிந்து வந்தால் நல்ல ஒட்டு. பசைக்கோட்டிலேயே வழுவழுப்பாகப் பிரிந்தால், அந்தக் கலவையால் ஒட்டிய எல்லா மூட்டையும் பிரித்து மறுபடி செய்யுங்கள்.