சுவரோரம் தண்ணீர் வேண்டாம்: பழைய ஸ்பானிஷ் வீடுகளின் தோட்டம், கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தென் கலிஃபோர்னியாவில் 1920களில் கட்டிய ஸ்பானிஷ் பாணி வீடுகளை வாங்கியவர்கள் எழுதியவை. சிவப்பு ஓடு, வெள்ளை ஸ்டக்கோ (சிமென்ட் வெளிப்பூச்சு) சுவர், வளைவு வாசல், நடுவில் முற்றம். அழகான வீடுகள். அவசரப்பட்டால் ஒரே வருடத்தில் கெடுத்துவிடலாம் என்பதால் சில பதில்களைக் கறாராகவே சொல்கிறேன்.

சான் டியேகோவில் 1927இல் கட்டிய வீடு. முன்பக்கப் புல்தரையை எடுத்துவிட்டு முழுக்கக் கள்ளியும் சரளைக்கல்லும் போடலாம் என்கிறார் டிசைனர். பொருந்துமா?

நாலைந்து கள்ளி இருக்கலாம். முழுக்கக் கள்ளி வேண்டாம். பல்போவா பூங்காவில் 1915இல் தொடங்கிய பனாமா-கலிஃபோர்னியா பொருட்காட்சிக்குப் பிறகுதான் இந்தப் பாணி இங்கே வேகமாகப் பரவியது. அந்தக் காலத்து வீடுகளில் புல், ரோஜா, தொட்டியில் எலுமிச்சை எல்லாம் இருந்தன. முன்பக்கம் முழுக்கக் கள்ளியும் சரளையும் என்பது பிற்பாடு பரவிய மோகம்.

புல்லை எடுங்கள், புல்தரையின் வடிவத்தை எடுக்காதீர்கள். செவ்வகமாக இருந்தால் அந்தச் செவ்வகமும் சுற்றியுள்ள நடைபாதையும் அப்படியே இருக்கட்டும். உள்ளே குராபியா போடலாம். நம் ஊர் வரப்பில் படரும் பொடுதலையின் இனம்தான் அது. புல்லுக்கு விடும் தண்ணீரைவிட நன்றாகவே குறைவாகப் போதும். பூக்கும்போது தேனீ வரும், வெறுங்காலோடு நடக்கும் குழந்தைகள் இருந்தால் கவனம்.

பாசடீனா. வெளிச்சுவரின் அடியில் ஓரடி உயரத்துக்குப் பெயின்ட் உப்பி, வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. இரண்டு முறை பெயின்ட் அடித்தாகிவிட்டது. இப்போது வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிக்கச் சொல்கிறார்கள். தோட்டத்தோடு இதற்குச் சம்பந்தம் உண்டா?

முழுக்க முழுக்கத் தோட்டத்தோடுதான் சம்பந்தம். அந்தப் பெயின்ட்டை வாங்காதீர்கள்.

இது ஓதம். மண்ணிலிருந்து ஈரம் சுவரில் ஏறுகிறது, வெயிலில் காய்கிறது, கொண்டுவந்த உப்பை மேலே விட்டுப் போகிறது. வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கும். உள்ளே என்ன இருக்கிறது? 1920களில் கட்டிய இந்த வீடுகளில் பாதிக்கு மேல் ஸ்டக்கோவுக்குப் பின்னால் மரச்சட்டம்தான். செங்கல் சுவர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

வீடு கட்டியபோது வெளிமண் ஸ்டக்கோவின் அடிவிளிம்புக்கு ஆறேழு அங்குலம் கீழே இருந்திருக்கும். அதற்குப் பிறகு குடிவந்த ஒவ்வொருவரும் பூச்செடிக்கு மண், உரம், மூடாக்கு என்று கொட்டினார்கள், யாரும் எடுக்கவில்லை. நூறு வருடத்தில் மண் சுவரின் மேல் ஏறிவிட்டது. அதில் ஒரு ஸ்பிரிங்க்ளரை நட்டு, தினமும் காலை சுவரைக் குளிப்பாட்டுகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு வீட்டுக்குப் போனேன். புதிதாகத் தோட்டம் போட்டு எட்டு மாதம்தான். சுவரை ஒட்டி ஒன்றரை அடி உயரத்துக்குக் கல் அடுக்கி, மண் நிரப்பி, ஹைட்ரேஞ்சா வைத்திருந்தார் ஒரு கான்ட்ராக்டர். பூக்கள் பிரமாதமாக இருந்தன. மண்ணைக் கொஞ்சம் விலக்கி, விரிசல் வழியாக ஒரு ஸ்க்ரூடிரைவரை உள்ளே அழுத்தினேன். அஸ்திவாரத்தின் மேல் படுத்திருக்கும் மரச்சட்டத்தில் அது கைப்பிடி வரை இறங்கியது. வெளியே எடுத்தபோது முனையில் ஈரமான பழுப்புத் தூள், அதில் இரண்டு கரையான். 1924ஆம் வருடத்து மரம். அந்த எட்டு மாதத்தில்தான் மொத்தமும் போனதென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மண்ணைக் கொட்டியவர் சுவரின் அடியை ஒரு தடவை பார்த்திருந்தால் கொட்டியிருக்க மாட்டார். அந்தச் சுவரை இன்றும் நினைத்தால் மனசு ஆறவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. ஸ்பிரிங்க்ளர் ஓடும் நேரத்தில் வெளியே நின்று சுவர் நனைகிறதா என்று கண்ணால் பாருங்கள். நனைந்தால் அந்த வரிசையை அன்றே மூடுங்கள். ஸ்டக்கோ முடியும் விளிம்பு தெரிந்து, அதற்கும் கீழே ஆறு அங்குலம் வரை மண்ணை வெட்டி எடுங்கள். தரை வீட்டைவிட்டு விலகிச் சரியட்டும், முதல் பத்தடியில் ஆறு அங்குல இறக்கம் போதும். சுவரிலிருந்து இரண்டடிக்குச் செடியே வேண்டாம், சரளைக்கல் போட்டுவிடுங்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே கொட்டுகிறது என்றும் பாருங்கள். மரச்சட்டத்தை ஒருவரைக் கூப்பிட்டுச் சோதியுங்கள். அப்புறம் ஒரு முழுக் கோடை சுவர் காயட்டும். பெயின்ட்டைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம், அப்போதும் ஈரத்தை வெளியே விடும் பெயின்ட்டாக இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு நல்ல மெடிட்டரேனியன் டிசைன் ஒன்று சொல்லுங்கள்.

ஊர் பெயர் இல்லை, படம் இல்லை, வீட்டின் வயது இல்லை, வாசல் எந்தத் திசை என்றுகூட இல்லை. இதற்கு எப்படிப் பதில் சொல்வது? வீட்டைச் சுற்றி எட்டுப் படம் எடுங்கள், சுவரின் அடி தெரியும்படி. கூடவே பழைய வான்படம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். சான்டா பார்பரா பல்கலைக்கழக நூலகத்தில் 1920களிலிருந்து எடுத்த வான்படங்கள் இருக்கின்றன, பலவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். உங்கள் வீட்டின் பழைய பாதையும் மரங்களும் அதில் தெரிந்தால் பாதி டிசைன் கையில் வந்த மாதிரி.

முற்றத்து நீரூற்றின் பழைய டைல்களில் வெள்ளைப் படிவு. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?

கூடாது. மாலிபு பாட்டரீஸ் என்ற டைல் தொழிற்சாலை 1926இல் தொடங்கி 1932இல் மூடிவிட்டது. உங்களுடையது அங்கே செய்த டைலாக இருந்தால் அதே டைலைப் புதிதாக வாங்க முடியாது, ஆசிட் அதன் பளபளப்பைத் தின்றுவிடும். மென்மையான பிரஷ், வெறும் தண்ணீர், பொறுமை. போகாத படிவுக்குப் பழைய டைல் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். நீரூற்று கசிகிறதா என்றும் பாருங்கள், கசிந்தால் அந்தத் தண்ணீரும் சுவருக்குத்தான் போகும்.

முற்றத்தில் எலுமிச்சை இருக்கிறது. பக்கத்தில் கறிவேப்பிலை வைக்கலாமா? தோழி வீட்டிலிருந்து கன்று வாங்கி வருகிறேன்.

வைக்கலாம், தோழி வீட்டுக் கன்று வேண்டாம். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். எலுமிச்சை வகை மரங்களைக் கொல்லும் கிரீனிங் நோயைப் பரப்பும் ஆசிய சிட்ரஸ் சில்லிட் பூச்சிக்குக் கறிவேப்பிலைத் தளிர் ரொம்பப் பிடிக்கும். அந்தப் பூச்சி 2008இல் கலிஃபோர்னியாவுக்கு வந்தது, 2012இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியில் முதல் நோயுற்ற மரம் அகப்பட்டது. நோய் வந்த மரத்துக்கு மருந்தே இல்லை. அதனால்தான் கன்றுகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். உரிமம் உள்ள நர்சரியில், உங்கள் பகுதியிலேயே வாங்குங்கள். தொட்டியில் வையுங்கள், தளிர்விடும்போது இலையின் அடிப்பக்கம் பாருங்கள். தொட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

வீட்டுச் சுவரை ஒட்டி இத்தாலியன் சைப்ரஸ் பத்து நடலாமா?

வேண்டாம். உள்ளே காய்ந்த இலை சேர்ந்து தீப்பந்தம் மாதிரி எரியும் மரம் அது. 2025 ஜனவரியில் அல்டடீனாவில் காட்டுத்தீ என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். தள்ளி, வேலியோரமாக, இரண்டு நட்டால் போதும்.

பெரிய ஓக் மரத்தடி வெறுமையாக இருக்கிறது. பூச்செடி வைத்துச் சொட்டுநீர் போட்டேன். இலை உதிர்கிறது.

சொட்டுநீரை இன்றே நிறுத்துங்கள். இந்த ஊர் ஓக் வறண்ட கோடைக்குப் பழகியது. வெயில் காலத்தில் அடிமரத்தருகே ஈரம் நின்றால் வேர் அழுகும். பத்தடிக்குள் எதுவும் நடாமல், விழுந்த இலையை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஃப்ளோரிடா, கோரல் கேபிள்ஸ். 1925 வீடு. லேவண்டர், ரோஸ்மேரி, ஆலிவ் மூன்றும் செத்துவிட்டன.

வீட்டின் பாணிதான் மத்தியதரைக் கடல், மேலே இருக்கும் வானம் அதுவல்ல. லாஸ் ஏஞ்சலஸில் வருடத்துக்கு 15 அங்குல மழை, அதுவும் குளிர்காலத்தில். உங்களுக்கு 60 அங்குலம், பெரும்பாலும் கோடையில். லேவண்டர் அழுகாமல் என்ன செய்யும்? ஆலிவின் சாம்பல்பச்சை நிறம் வேண்டுமென்றால் சில்வர் பட்டன்வுட் வையுங்கள், உயரம் குறைந்த செடி வேண்டுமென்றால் கூன்டி என்ற ஃப்ளோரிடாச் செடி. அடியில் சுண்ணாம்புக்கல், அதனால் இட்லிப்பூச் செடிகூட அங்கே மஞ்சளித்துப் போகும். அதே கல்லை வெட்டிய குழியில்தான் உங்கள் ஊர் நீச்சல்குளமான வெனிஷியன் பூலை 1924இல் கட்டினார்கள்.

மில்ஸ் சட்டத்தில் வரி குறையும் என்கிறார்களே, தோட்டவேலை முடிந்ததும் விண்ணப்பிக்கலாமா?

வேலைக்கு முன்னால் விண்ணப்பியுங்கள். வரலாற்று மதிப்புள்ள கட்டடங்களைக் காப்பாற்ற 1972இலிருந்து கலிஃபோர்னியாவில் உள்ள சட்டம். ஊர் நிர்வாகத்தோடு குறைந்தது 10 வருட ஒப்பந்தம், சொத்துவரி நன்றாகவே குறையலாம், பதிலுக்கு வீட்டைக் கெடுக்காமல் காப்பாற்ற வேண்டும். எல்லா ஊரிலும் இந்தத் திட்டம் இல்லை. பழைய சுவரையும் நடைபாதையையும் இடித்த பிறகு போய் நின்றால் காட்ட என்ன மிச்சம் இருக்கும்?

தெற்குச் சுவரோரம் தக்காளி, கத்திரி போடலாமா?

அந்த மண்ணை ஈயத்துக்குச் சோதிக்காமல் போடாதீர்கள். 1978க்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதன் சுரண்டல் சுவரடியில்தான் விழுந்து கிடக்கும். தவிர, காய்கறிக்குத் தினமும் தண்ணீர். சுவரோரம் தண்ணீர் வேண்டாம் என்று இன்னும் எத்தனை முறை சொல்ல?

மரப்பந்தல் மேல் ஐம்பது வருடக் காகிதப்பூ. பந்தலை மாற்ற வேண்டும். கொடியைப் பெயர்த்து வேறு இடத்தில் வைக்கலாமா?

பெயர்த்தால் பிழைக்கும் என்று நம்ப வேண்டாம். அதன் வேர் மெல்லியது, மண்கட்டி உதிர்ந்தாலே அறுந்துபோகும். பனி பயம் போன பிறகு, வசந்தத்தில் கொடியை நாலடி உயரத்துக்கு வெட்டி, மீதித் தண்டைச் சாக்கில் சுற்றிக் கட்டிவிட்டுப் பந்தல் வேலையை ஆரம்பியுங்கள். வேலையாட்கள் அடியில் பலகையைச் சாய்த்து வைக்காமல் சுற்றி நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். வெட்டியதற்காக உரம் போட வேண்டாம், போட்டால் இலைதான் வரும். கோடை முடிவதற்குள் புதுப் பந்தலில் ஏற ஆரம்பித்துவிடும்.